கொம்பும் குழலும் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு இசைப் பாடம்

கேரள எல்லையை ஒட்டி, களியக்காவிளைக்கும் குழித்துறைக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்கிறேன். 7 வயதிலிருந்து 13 வயது வரை உள்ளவர்கள். சிலர் இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் படிக்கிறார்கள். சிலர் எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலையிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் எழுதுவது மலையாளம். வயலின், ரெக்கார்டர், கீபோர்டு, கொஞ்சம் தாள வாத்தியம். மேற்கத்திய முறையில் நோட்டு வாசிக்கவும், ஒரு ஆர்க்கெஸ்ட்ராவில் எந்த வாத்தியம் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளவும் வருகிறார்கள். இதே வேலையில் இறங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் உதவும் என்று எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்.

எல்லையோரப் பிள்ளைகளின் காது காலியாக வருவதில்லை. கோயில் கொடைக்கு நாதஸ்வரமும் சிங்காரி மேளமும், சர்ச் திருவிழாவுக்கு பேண்ட் செட், டிசம்பர் பிறந்தால் வீடு வீடாகக் கேரல் ரவுண்ட்ஸ். கொயரில் பெரியவர்கள் நாலு குரலாகப் பிரிந்து பாடுவதை மடியில் உட்கார்ந்து கேட்ட பிள்ளைக்கு ஹார்மனி புதிதல்ல. அதற்கு ஒரு பெயர் உண்டு என்பதுதான் புதிது. ஆனால் நம் கையில் கிடைக்கும் பாடப் புத்தகங்கள் ஐந்து கோடு போட்டு, ஒரு முட்டை வரைந்து, ‘இது கிராச்செட், ஒரு எண்ணிக்கை’ என்று தொடங்குகின்றன. பிள்ளை அதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும். பத்து நாள் கழித்துக் கேட்டால் நினைவிருக்காது. நான் வரிசையைத் திருப்பிப் போட்டுவிட்டேன். முதலில் உடம்பு, பிறகு காது, பிறகு பெயர், காகிதம் கடைசியில்.

தாளத்தை நடையிலிருந்து தொடங்குகிறேன். ஹாலில் வட்டமாக நடக்க வேண்டும். ஒரு அடிக்கு ஒரு ‘தா’. அதே நடையில், அடிக்கு ‘தக’. அப்புறம் ‘தகதிமி’. கால் வேகம் மாறவே கூடாது, வாய் மட்டும்தான் மாறும். கேட்கச் சுலபமாக இருக்கும். 8 வயதுப் பிள்ளைக்கு இது பெரிய வேலை. ‘தகதிமி’ வந்ததும் கால் தானாக ஓடத் தொடங்கும். அது நிற்கும் வரை அடுத்த பாடத்துக்குப் போவதில்லை. கால் நிலைத்த பிறகு, ‘தா’ சொன்னது கிராச்செட், ‘தக’ இரண்டு குவேவர், ‘தகதிமி’ நாலு செமிகுவேவர் என்று கரும்பலகையில் எழுதினால் ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிடும். ‘தகிட’ என்று ஒரு அடிக்குள் மூன்றாகச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு ட்ரிப்லெட் என்றால் பயமே இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பாடம், நோட்டின் தொடக்கத்தில் தாளக் குறியாக எழுதும் மூன்று கீழ் நாலுக்கும் (3/4) ஆறு கீழ் எட்டுக்கும் (6/8) உள்ள வித்தியாசம். இரண்டிலும் ஒரு பாருக்குள், அதாவது இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவில், ஆறு குவேவர்கள்தான். அப்புறம் எதற்கு இரண்டு விதமாக எழுத வேண்டும் என்று பெரிய பிள்ளைகளே குழம்புவார்கள். ‘தக தக தக’ என்று ஒரு பாதி ஹால் கைதட்டட்டும், ‘தகிட தகிட’ என்று மறுபாதி தட்டட்டும். எழுத்து ஆறு, அழுத்தம் விழும் இடம் வேறு. மூன்று முறை அழுத்தினால் மூன்று கீழ் நாலு. இரண்டு முறை அழுத்தினால் ஆறு கீழ் எட்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் தட்டவிட்டால் ஹாலே குலுங்கும். செண்டை மேளம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இதை விடமாட்டார்கள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்பார்கள்.

கர்நாடக சங்கீதச் சொற்களையும் மேற்கத்தியச் சொற்களையும் கலந்தால் பிள்ளைகள் குழம்பமாட்டார்களா என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். தாளத்தில் குழப்பம் வருவதே இல்லை. சுரத்தில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். ‘ச’ என்பது நகரும். பாடுகிறவர் எந்தச் சுருதியை எடுக்கிறாரோ அதுதான் ‘ச’. ‘சி’ (C) என்ற நோட்டு நகராது. கீபோர்டில் அதற்கு ஒரே இடம்தான். கொயரில் வயதானவர்கள் இன்றைக்கும் சொல்லும் ‘டோ ரே மி’ டானிக் சோல்ஃபா முறையில் வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சாரா குளோவர் தொடங்கி ஜான் கர்வென் வளர்த்த முறை அது. அந்த ‘டோ’வும் ‘ச’ மாதிரி நகர்வதுதான். அதனால் ‘ச’வையும் ‘டோ’வையும் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, சி, டி, ஈ என்ற எழுத்துகளைத் தனியாக வைத்தால் போதும்.

ஷார்ப், அதாவது சுரத்தை அரைப் படி ஏற்றும் குறி, எதற்கு என்பதையும் பாடித்தான் கண்டுபிடிக்க வைக்கிறேன். முதலில் கீபோர்டில் ‘சி’யிலிருந்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்து ‘ச ரி க ம ப த நி ச’ பாடுவோம். அது சங்கராபரண ராகம், மேற்கத்திய மேஜர் ஸ்கேல். சரி, இப்போது ‘ஜி’யிலிருந்து தொடங்கலாம், அதே பாட்டு வர வேண்டும், வெள்ளைக் கட்டை மட்டும். ‘த’ வரை எல்லாம் நன்றாகப் போகும். ‘நி’யில் ஒரு பிள்ளை முகத்தைச் சுளிக்கும். போன வருடம் பாறசாலையிலிருந்து வரும் ஒரு சிறுமி சட்டென்று நிறுத்தி, “டீச்சரே, நி கீழ கெடக்கு” என்றாள். “அப்போ மேல தேடு மக்களே” என்றேன். விரல் ஒரு கறுப்புக் கட்டைக்குப் போனது. எஃப் ஷார்ப். ‘ஜி மேஜருக்கு ஒரு ஷார்ப்’ என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே எடுத்துக்கொண்டாள். கறுப்புக் கட்டை சேராமல் முதலில் கேட்டது ஹரிகாம்போஜி என்று அப்போதே சொல்லிவைத்தால், தப்பான ஸ்கேல் என்று ஒன்று கிடையாது, வேறு ஸ்கேல் அது என்பதும் புரியும். ‘டி’யிலிருந்து தொடங்கினால் ‘க’வும் ‘நி’யும் இரண்டும் கீழே கிடக்கும், இரண்டு ஷார்ப் வேண்டும். வெள்ளைக் கட்டையிலேயே விட்டால் கரஹரப்ரியா.

சின்னப் பிள்ளைகளுக்கு இதுவும் அதிகம். அவர்களைக் கறுப்புக் கட்டைகளோடு விட்டுவிடுவேன். எஃப் ஷார்ப்பில், அதாவது நாலரைக் கட்டைச் சுருதியில் தொடங்கினால் ஐந்து கறுப்புக் கட்டைகளும் மோகனம். எதை எப்போது அழுத்தினாலும் உறுத்தாது. இரண்டு பிள்ளைகள் ஒரே கீபோர்டில் கேள்வியும் பதிலுமாக வாசிக்கலாம். சொந்தமாக ஒரு மெட்டுக் கட்டிய பிள்ளைதான் அதை எழுதிவைக்க ஆசைப்படும். நோட்டு எழுதக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல சமயம் கிடையாது. தரையில் ஐந்து தென்னங்கயிறுகளை நீளவாக்கில் போட்டு, கோட்டின் மேல், கோட்டுக்கு இடையில் என்று குதிக்கவிடுவேன். கயிறு எங்கள் பக்கத்தில் சல்லிசு.

இப்போது ஆர்க்கெஸ்ட்ரா வாத்தியங்கள். கம்பி, மரக்காற்று, பித்தளை, தாளம் என நாலு குடும்பம். படம் காட்டிப் பெயர் ஒப்பிக்க வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் கேட்கிற ஒரே கேள்வி: சத்தம் எங்கே பிறக்கிறது?

அதற்குத் தென்னை ஓலைதான் பாடப் புத்தகம். எங்கள் பக்கத்தில் ஓலைப் பீப்பி செய்யத் தெரியாத தாத்தாக்கள் இல்லை. பேரப்பிள்ளைகளில்தான் குறைந்துகொண்டு வருகிறார்கள். ஈர்க்கு கிழித்தெடுத்த பச்சை ஓலையை ஒரு முனையிலிருந்து சாய்வாகச் சுற்ற வேண்டும். மேலும் ஓலை சேர்த்துச் சுற்றச் சுற்றக் குழல் புனல் போல விரியும். கழன்றுபோகாமல் ஈர்க்குத் துண்டு குத்தி நிறுத்துவார்கள். சின்ன முனையை விரலால் அமுக்கித் தட்டையாக்கி, உதட்டுக்குள் வைத்து ஊதினால் ‘பே’ என்று ஒரு சத்தம். முதல் முறை ஊதும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வராது. முனையை ரொம்ப அமுக்கியிருப்பார்கள், அல்லது ஒன்றுமே அமுக்கியிருக்கமாட்டார்கள். இரண்டு ஓலை விளிம்புகளுக்கு நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். காற்று போகும்போது அந்த இரண்டு விளிம்புகளும் ஒன்றோடொன்று அடித்துக்கொள்கின்றன. சத்தம் பிறப்பது அங்கே. விரிந்த குழல் அதை வளர்த்து வெளியே அனுப்புகிறது.

நாதஸ்வரத்தில் உதட்டில் வைத்து ஊதும் சீவாளி இதே காரியம். மேளத்தில் கொம்பு என்ற வளைந்த ஊதுவாத்தியத்தோடு சேர்ந்து வரும் குழலும் (புல்லாங்குழல் அல்ல) இதே காரியம். ஓபோவும் இதே. இரண்டு நாணல் தகடுகள், நடுவில் இடைவெளி, பின்னால் விரிந்துகொண்டே போகும் குழல். பசூன் என்பது அதன் பெரிய அண்ணன். மடித்துவைத்த அதன் குழலை நீட்டினால் இரண்டரை மீட்டர் வரும். நீளமாக ஒரு ஓலைப் பீப்பி சுற்றிக் காட்டினால், குழல் நீண்டால் சத்தம் இறங்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டாம். கச்சேரி தொடங்கும் முன் ஓபோ ‘ஏ’ கொடுக்க மற்றவர்கள் அதோடு சேர்த்துக்கொள்வார்கள் என்று சொன்னபோது, “அப்போ பீப்பிக்காரன்தான் சுருதி குடுப்பானா?” என்று ஒரு பையன் கேட்டான். ஆமாம் மக்களே, அவன்தான்.

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக வரும். பாட்டில் வாயில் குறுக்காக ஊதினால் ஃப்ளூட். ஒரே ஒரு நாணல் தகடு என்றால் கிளாரினெட். உதடே அதிர்ந்தால் பித்தளைக் குடும்பம். சங்கு ஊதத் தெரிந்த பிள்ளை பாதி டிரம்பெட் கற்றுவிட்டது. ஹார்டுவேர் கடையில் ஒன்றரை மீட்டர் ஓஸ் பைப் வாங்கி, ஒரு முனையில் புனலைச் செருகி, மறுமுனையில் உதட்டை அழுத்தி ‘ப்ர்ர்’ என்று ஊதினால் கிட்டத்தட்ட டிரம்பெட்டின் குழல் நீளம். மூன்றே முக்கால் மீட்டர் வாங்கினால் ஃப்ரெஞ்ச் ஹார்ன் நீளம். ஒரே குழலில் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் நாலைந்து சுரம் எடுக்கலாம். கொம்பு வாசிப்பவர்கள் செய்வது இதைத்தான்; கொம்பில் வால்வு இல்லை. டிரம்பெட்டின் வால்வை அழுத்தினால் உள்ளே குழலின் நீளம் கூடுகிறது, அவ்வளவுதான். சாக்ஸபோன் பித்தளையில் இருந்தும் ஏன் மரக்காற்றுக் குடும்பத்தில் சேர்க்கிறார்கள் என்ற சந்தேகமும் இங்கேயே தீர்ந்துவிடும். 1846-ல் அடால்ஃப் சாக்ஸ் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதில் சத்தம் பிறப்பது நாணலில், பித்தளையில் அல்ல.

தாளத்துக்குப் பஞ்சவாத்தியம் போதும். திமிலை, மத்தளம், இடக்கை, இலைத்தாளம், கொம்பு. இலைத்தாளம் சிம்பல். இடக்கையின் கயிற்றை அமுக்கி அமுக்கி சுரத்தை ஏற்றி இறக்குவதைப் பார்த்த பிள்ளைக்கு, டிம்பனி என்ற பெரிய ஆர்க்கெஸ்ட்ரா முரசில் காலால் பெடலை மிதித்து சுரம் மாற்றுகிறார்கள் என்றால் ஆச்சரியம் இல்லை, சொந்தக்காரரைப் பார்த்த சந்தோஷம்தான்.

அதன்பிறகுதான் கேட்கும் பாடம். ரஷ்யாவின் புரோகோஃபியெவ் 1936-ல் குழந்தைகளுக்காக எழுதிய ‘பீட்டரும் ஓநாயும்’ இதற்கு நல்லது. பறவைக்கு ஃப்ளூட், வாத்துக்கு ஓபோ, பூனைக்கு கிளாரினெட், தாத்தாவுக்கு பசூன், ஓநாய்க்கு மூன்று ஹார்ன், பீட்டருக்குக் கம்பி வாத்தியங்கள். எது எது என்று நான் சொல்லாமல் போட்டுக்காட்டுவேன். வாத்து வந்ததும் அத்தனை பேரும் சேர்ந்து “பீப்பி!” என்று கத்துவார்கள். 2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றியபோது வந்த வீடியோ துண்டுகளையும் சத்தத்தை நிறுத்திவிட்டுக் காட்டினேன், யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க. கம்பிகள் முன்னால், மரக்காற்று நடுவில், பித்தளையும் தாளமும் பின்னால். ஏன் என்று அவர்களே சொன்னார்கள்: கொம்புக்காரர் முன்னால் நின்றால் வயலின் கேட்காது.

வயலினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் அதிகம் பணம் போடுவது அதில்தான். பிள்ளையின் இடது கையை நீட்டச் சொல்லி, கழுத்திலிருந்து உள்ளங்கை நடு வரை அளக்க வேண்டும். 23 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் முழு அளவு வயலின் வேண்டாம். முக்கால், அரை, கால் என்று அளவுகள் இருக்கின்றன. ‘வளருகிற பிள்ளைதானே, பெரிதாகவே வாங்கிவிடலாம்’ என்று சட்டைக்குச் செய்வதை வயலினுக்குச் செய்யக்கூடாது. எட்டாத விரல் நீட்டி நீட்டி மணிக்கட்டு மடங்கிவிடும். அந்தப் பழக்கத்தை மாற்ற மாதக்கணக்கில் ஆகும். மூத்த பிள்ளைகள் விட்டுப்போன சின்ன வயலின்களை வாங்கிக் கைமாற்றிக்கொள்வதுதான் எங்கள் வழக்கம்.

எங்கள் பக்கத்தில் இரண்டு மழை உண்டு, ஜூனில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. மழையில் கம்பியை முறுக்கும் பிருடை உப்பி இறுகிக்கொள்ளும், வெயில் வந்ததும் வழுக்கும். இறுகிய பிருடையைப் பிள்ளை திருக வேண்டாம். அடிப்பகுதியில் இருக்கும் ஃபைன் டியூனர்களை மட்டும் தொடப் பழக்குங்கள். வாசித்து முடித்ததும் வில்லின் முடியைத் தளர்த்த வேண்டும். கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரை நேராக நிற்கிறதா என்று வாரம் ஒருமுறை பெரியவர்கள் பார்க்க வேண்டும்; முன்னால் சாய்ந்துகொண்டே வந்து ஒருநாள் படீரென்று விழும்.

சில பிள்ளைகள் வேறு நாளில் பாகவதரிடம் கர்நாடக வயலினும் கற்கிறார்கள். தரையில் உட்கார்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, ச ப ச ப என்று சுருதி சேர்த்து வாசிப்பது. என்னிடம் வரும்போது நின்றுகொண்டு, கம்பிகளை ஜி டி ஏ ஈ என்று சேர்த்து. பயப்பட ஒன்றுமில்லை. கேரளப் பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தில் கீழை வயலின், மேலை வயலின் என்று இரண்டு தனிப் போட்டிகளே உண்டு. இந்த ஊருக்கு இது பழைய சங்கதியும்கூட. பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் மேற்கத்திய வயலினைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு திருவனந்தபுரம் அரசவைக்கு வந்தபோது, சுவாதித் திருநாள் மகாராஜா 1834-ல் அவருக்குத் தந்தத்தால் செய்த வயலினைப் பரிசளித்தார். அப்போது நம் விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களும் அதே திருவிதாங்கூரில்தான் இருந்தன. இதைச் சொல்லும்போது பிள்ளைகள் தங்கள் வயலினைக் கொஞ்சம் மரியாதையோடு பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன்.

காது திறக்க வயலினில் ஒரு சோதனை செய்துபார்க்கலாம். சின்னக் காகிதத் துண்டை ‘வி’ மாதிரி மடித்து, ஜி கம்பியின் மேல் கவிழ்த்து வைக்கவும். குதிரைக்கும் கம்பியின் பாதிக்கும் நடுவில், அதாவது கால் பங்கு தூரத்தில். இப்போது பக்கத்து டி கம்பியில் மூன்றாவது விரலை வைத்து வில் போட வேண்டும். அங்கே வருவது ஜி, மேல் ஸ்தாயி ஜி. விரல் சரியான இடத்தில் இருந்தால், யாரும் தொடாத ஜி கம்பியில் காகிதம் துள்ளும். விரல் இம்மி தள்ளிப்போனாலும் அசையாது. காகிதத்தைக் கம்பியின் சரி நடுவில் வைத்துப் பாருங்கள். விரல் சரியாக இருந்தாலும் அது சும்மா இருக்கும். மேல் ஸ்தாயியில் அதிரும்போது கம்பி இரண்டு பாதியாகப் பிரிந்து அதிர்கிறது, நடுப்புள்ளி நகர்வதில்லை. சுருதி சேருவது என்றால் என்ன, ஸ்தாயி என்றால் என்ன என்பதை இதைவிட நேராகக் காட்ட எனக்கு வழி தெரியாது. விரல் இடத்துக்கு டேப் ஒட்டுவதை நான் எதிர்க்கவில்லை, ஆனால் டேப் கண்ணுக்கு வேலை கொடுக்கிறது. காகிதம் துள்ளுவதைப் பார்த்த பிள்ளை காதால் தேடத் தொடங்கிவிடும்.

படிப்படியாக எழுதும் இசைத் தேர்வுகளான கிரேடு தேர்வுகளைப் பற்றிக் கேட்பார்கள். எழுதட்டும், நல்லதுதான், படிப்படியாகப் போக ஒரு பாதை கிடைக்கிறது. ஆனால் வருடம் முழுவதும் தேர்வுக்கான மூன்று உருப்படிகளை மட்டுமே வாசித்த பிள்ளைக்கு நாலாவதாக ஒன்றைக் கொடுத்தால் திணறும். ஒவ்வொரு வகுப்பிலும் இதுவரை பார்க்காத நாலு வரியை வாசிக்க வையுங்கள். எளிதாக இருக்கட்டும், புதிதாக இருக்க வேண்டும்.

வீட்டில் தினமும் பத்து நிமிடம் போதும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு மணி நேரம் உட்கார வைப்பதால் கை வலிதான் மிச்சம். நோட்டு வாசிக்கத் தெரியாத அம்மா அப்பாக்கள் ‘எனக்கு ஒன்றும் தெரியாதே’ என்று ஒதுங்க வேண்டாம். “இன்னைக்கு என்ன படிச்சே, எனக்குச் சொல்லிக்குடு” என்று கேளுங்கள். பிள்ளை உங்களுக்குக் கைதட்டக் கற்றுக்கொடுக்கும்போது எங்கே தட்டுத்தடுமாறுகிறதோ, அங்கேதான் எனக்கு அடுத்த வாரம் வேலை.

எல்லாரும் சேர்ந்து வாசிப்பதை வருடக் கடைசிக்கு ஒத்திப்போடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ‘முதலில் நன்றாகக் கற்றுக்கொள்ளட்டும், அப்புறம் குழுவில் சேரலாம்’ என்றால் பாதிப் பிள்ளைகள் அதற்குள் நின்றுவிடுவார்கள். டி மேஜரில் ஒரு மெட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தேறியவர்கள் மெட்டை வாசிக்கட்டும். இரண்டாம் வருடத்தினர் அதற்குக் கீழே நீண்ட சுரங்கள். வயலின் பிடித்து ஒரு மாதம் ஆன பிள்ளைக்கு விரல் வைக்காமல் டி, ஏ என்ற இரண்டு வெறும் கம்பிகள் போதும். தம்பூரா மாதிரி பாட்டு முழுக்க அது தாங்கும். ரெக்கார்டருக்கு பி, ஏ, ஜி மூன்றே சுரத்தில் ஒரு பகுதி எழுதலாம். யாருக்கு எது முடியுமோ அதற்குத் தகுந்தபடி அவரவர் பகுதியை ஆசிரியர் கையால் எழுதித்தான் ஆக வேண்டும். அச்சில் வருவது நம் பிள்ளைகளின் அளவுக்குப் பொருந்தாது. சேரும் முதல் மாதத்திலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் பெயர் எழுதிய ஒரு தாள் ஸ்டாண்டில் இருக்க வேண்டும். ஓணத்துக்கு ஒரு உருப்படி, கிறிஸ்துமஸுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் எழுத நேரம் கிடைக்கும், ஜூலையிலேயே தொடங்கிவிடுங்கள்.